பூஞ்சணம் போனாலும் நஞ்சு போகாது: கடலோர இராமநாதபுரத்தில் தானியம், புண்ணாக்கு, வைக்கோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவிட்டு மூட்டையில் லேசாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. மேலாகத் தட்டிவிட்டு வெயிலில் போட்டு மாட்டுக்கு வைக்கலாமா?

வேண்டாம். பூஞ்சணம் வேறு, அது கக்கி வைத்த நஞ்சு வேறு. வெயிலில் போட்டால் பூஞ்சணம் காய்ந்து உதிரும், மக்கின வாடையும் குறையும். நஞ்சு தவிட்டுக்குள்ளேயே இருக்கும். கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினாலும் பயனில்லை. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சிதைய 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கில் நஞ்சு நிறைய இருக்கலாம். சொத்தைக் கடலையை அரைத்துப் பிழிந்தபின் எந்தக் கடலையில் பூஞ்சணம் இருந்தது என்று யார் சொல்ல முடியும்? எல்லாப் பூஞ்சணமும் நஞ்சு கக்குவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கக்கியதா இல்லையா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ பிரிக்க முடியாது. அதனால் பூஞ்சணம் தெரிந்தால் தள்ளுங்கள். தெரியாவிட்டால் ‘நல்லது’ என்று முடிவு கட்டாதீர்கள், ஈரத்தைப் பாருங்கள்.

எந்தப் பயிரில் எந்த நஞ்சு வரும்?

நம் பக்கத்தில் முதலில் பயப்பட வேண்டியது அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் உண்டாக்குவது. நிலக்கடலை, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தேங்காய்ப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இது 1960-ல் இங்கிலாந்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தன. காரணம் தெரியாததால் அப்போது அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆக்ராடாக்சின் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கோழிக்குத்தான் அதிகத் தொல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இதில் பெரும்பகுதியை உடைத்துவிடும். ஃபியூசேரியம் என்ற பூஞ்சணக் கூட்டம் டி-2, சியராலெனோன், ஃபியூமோனிசின் எனப் பல நஞ்சுகளை உண்டாக்கும். இவை மக்காச்சோளம், சோளம், நனைந்த வைக்கோல் ஆகியவற்றில் வரும். கம்பில் வரும் தேனொழுகல் நோய் தனி ரகம், அது கீழே.

உள்நாட்டைவிடக் கடலோரத்தில் இது ஏன் மோசம்?

தானியம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். பகலில் 12 சதவீதம் ஈரத்துக்குக் காய்ந்த நெல், இரவில் காற்றின் ஈரப்பதம் 85, 90 சதவீதத்தில் நிற்கும்போது திறந்து கிடந்தால் மறுபடி ஈரத்தை இழுக்கும். தை, மாசியில் களத்தில் நெல்லைக் குவித்து மூடாமல் விட்டால், பகல் முழுக்கக் காயவைத்ததில் ஒரு பங்கைக் கடல் காற்றும் பனியும் திருப்பிக் கொடுத்துவிடும். தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கம் இது அன்றாடம் நடப்பது.

இன்னொன்று உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். கருவாடு கட்டிய சாக்கு, உப்பு அள்ளிய சாக்கு ஆகியவற்றில் தீவனத்தைப் போட்டால், அந்தச் சாக்கே ராத்திரியெல்லாம் தீவனத்தை நனைக்கிற திரியாகிவிடும். காசு மிச்சம் என்று பழைய கருவாட்டுச் சாக்கு வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அஃப்ளாடாக்சினைக் கக்கும் பூஞ்சணத்துக்கு உகந்த வெப்பம் 25 முதல் 35 டிகிரி. நமக்கு வருஷம் பூராவும் அதுதான்.

ஈரம் அளக்கும் கருவி இல்லை. வீட்டில் எப்படிப் பார்ப்பது?

உப்புச் சோதனை போதும். அதை இந்தக் கடலோரத்தில் செய்யும்போது ஒரு திருத்தம் வேண்டும்: நம் வீட்டு உப்பே ஈரமாகத்தான் இருக்கும். கைப்பிடி கல்லுப்பை லேசாக இடித்து, வெறும் சட்டியில் படபடவென்று பொரிகிற சத்தம் அடங்கும்வரை வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவையுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, இரண்டு மூன்று தேக்கரண்டி இந்த உப்பைச் சேர்த்து, இறுக மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே உதிர்ந்து கிடந்தால் 15-க்குக் கீழ்.

உப்பு ஒட்டவில்லை என்றதும் மூட்டை கட்டிவிடாதீர்கள். சேமிக்க நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் 12 முதல் 13 சதவீதம் வரவேண்டும். அதனால் சோதனையில் தேறியபின் இன்னொரு முழு நாள் வெயில் கொடுங்கள். நிலக்கடலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடலையில் பாதி எண்ணெய். தண்ணீர் எண்ணெயில் தங்காது, மீதிப் பகுதியில்தான் தங்கும். ஆகவே மொத்தத்தில் 8 சதவீதம் என்றாலே பூஞ்சணத்துக்கு எல்லைக்கோடு. கடலைக் காயைக் காதருகில் ஆட்டினால் பருப்பு கலகலவென்று உருள வேண்டும், தோலைத் தேய்த்தால் உரிய வேண்டும். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுக் காயவைப்பது பாதி வேலையை முடித்துவிடும். செடியைக் குவியலாகப் போட்டுவைத்தால் அடியில் உள்ள காய்தான் முதலில் புழுங்கும்.

கடலைப் புண்ணாக்கு நஞ்சு பாலில் வருமா?

வரும். மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1, ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். பொதுவாகத் தின்றதில் 1 முதல் 2 சதவீதம் பாலுக்கு வருகிறது. அதிகம் கறக்கும் மாட்டில் 6 சதவீதம்வரை போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புண்ணாக்கில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம். 2 சதவீதம் பாலுக்கு என்றால் 8 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பாலுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 0.5 மைக்ரோகிராம். அதைப்போல் இரண்டு மடங்கு! மாடு நன்றாகத்தான் நிற்கும், பாலிலும் நிறமோ வாடையோ மாறாது. காய்ச்சினாலும் தயிராக்கினாலும் போகாது.

ஆறுதலான விஷயமும் இதிலேயே இருக்கிறது. கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் 4 நாளில் பாலில் நஞ்சு ஏறக்குறைய மறைந்துவிடும். ஏறுவதும் அதே வேகம்: தின்ற 12 மணி நேரத்துக்குள் பாலில் தென்பட ஆரம்பிக்கும்.

கலப்புத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 50 டன் தீவனத்தில் 1 கிராம் என்றால் எவ்வளவு நுணுக்கமான அளவு என்று தெரியும். ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சு இதில் செல்லாது.

செக்குப் புண்ணாக்கு, ஆலைப் புண்ணாக்கு: எது நல்லது?

கடலை நல்லதாக இருந்தால் இரண்டும் நல்லது. பொறுக்கித் தள்ளிய சொத்தை, சுருங்கல், உடைசல் கடலை எண்ணெய்க்கு மட்டும் போகிற வழக்கம் எங்கும் உண்டு. பிழியும்போது நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில்தான் தங்குகிறது. செக்குக்காரரிடம் போகும்போது புண்ணாக்கின் நிறத்தைப் பார்ப்பதைவிட, செக்கில் போடக் காத்திருக்கும் கடலை மூட்டையில் கையைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்.

புண்ணாக்கை ஊறவைக்கும் தொட்டியையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் மிச்சத்தின்மேல் புதுப் புண்ணாக்கைப் போட்டு ஊறவிடுவது பல வீடுகளில் பழக்கம். தொட்டியின் ஓரத்தில் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம் இருக்கிறதே, அது தினமும் தின்று வளர்கிற பூஞ்சணமும் பாக்டீரியாவும்தான். தினம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும்.

அறுவடை நேரத்தில் மழை வந்துவிட்டது. வைக்கோலை என்ன செய்வது?

2021 ஜனவரியில் தமிழ்நாடு பூராவும் அறுவடை நேரத்தில் கொட்டிய மாதிரி மழை என்றால், திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் நெல்லோடு வைக்கோலும் கேள்விக்குறிதான். மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோலை உடனே கட்டு கட்டும் மிஷினை விட்டுச் சுருட்டுவதுதான் பெரிய தவறு. வெளியே பொன்னாக இருக்கும். பத்து நாள் கழித்துக் கயிற்றை அறுத்தால் நடுவில் கை வைக்கும்போது சூடு தெரியும், சாம்பல் நிறத் தூள் புகைமாதிரி கிளம்பும், தொண்டை கமறும். அந்தத் தூள் பூஞ்சண வித்து. மாட்டுக்கும் உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. மூக்கில் துணி கட்டாமல் அதை உதறாதீர்கள்.

கட்டுவதற்குமுன் இரண்டு மூன்று நாள் வயலிலேயே புரட்டிவிட்டுக் காயவையுங்கள். ஒரு பிடியை முறுக்கினால் ‘மடக்’கென்று ஒடிய வேண்டும். கயிறு மாதிரி வளைந்தால் இன்னும் ஈரம். படப்பு போடும்போது அடியில் பனைமட்டையோ கருவேல விறகோ பரப்பித் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள்.

காயவைக்க வழியே இல்லை, வைக்கோல் ஈரமாக இருக்கிறது, ஆனால் இன்னும் பூஞ்சணம் பிடிக்கவில்லை என்றால் யூரியா வைத்தியம் உண்டு. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடவேண்டும். ஈர வைக்கோலானால் அதிலுள்ள ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரைக் குறையுங்கள், யூரியாவைக் கூட்டாதீர்கள். உள்ளே உண்டாகும் அம்மோனியா பூஞ்சணத்தை அடக்கும். எடுத்ததும் ஒரு மணி நேரம் ஆறப்போட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த வைக்கோலை இதனால் காப்பாற்ற முடியாது.

பஞ்சாப், ஹரியானா பக்கம் பூஞ்சணம் பிடித்த வைக்கோல் தின்ற எருமைகளுக்குக் குளிர்காலத்தில் வால் நுனி, காது, குளம்பு அழுகும் டெக்நாலா என்ற நோய் வருவதுண்டு. நம் பக்கம் அந்தக் குளிர் இல்லை. வால் நுனி கறுத்துக் காய்வதைப் பார்த்தால் மட்டும் வைக்கோலைச் சந்தேகப்படுங்கள்.

ஆடு எதையும் தாங்கும் என்கிறார்களே?

பாதி சரி. வாத்துக்குஞ்சுதான் அஃப்ளாடாக்சினுக்கு முதலில் சாகும். அடுத்து வான்கோழி, கோழிக்குஞ்சு, பன்றி, கன்று. வளர்ந்த செம்மறியும் வெள்ளாடும் தாங்கும் வரிசையில் பின்னால் வரும். ஆனால் சினை ஆடு, பால் குடிக்கும் குட்டி, குடற்புழு ஏறிய ஆடு இந்தக் கணக்கில் சேராது. ஆட்டில் நஞ்சு ஆளைச் சாய்ப்பதில்லை, தேய்க்கும்: ரோமம் சிலிர்த்து நிற்கும், எடை ஏறாது, சினை தங்காது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டும் எதிர்ப்புச் சக்தி சரியாக எழாது. ‘ஊசி சரியில்லை’ என்று பழி ஊசிமேல் விழும்.

மழைக்குப்பின் ஆடுகள் திடீரென்று சாய்ந்தால் முதலில் துள்ளுமாரி, நீலநாக்கு ஆகிய நோய்களைப் பாருங்கள். பூஞ்சை நஞ்சு பெரும்பாலும் அப்படிக் கொல்வதில்லை. கண்ணும் ஈறும் மஞ்சளாக இருந்தால் உண்ணிச்செடி மேய்ந்ததா என்றும் விசாரியுங்கள். அதுவும் ஈரலைத்தான் பிடிக்கும்.

சீமைக்கருவேல் காயைப் பொறுக்கி மூட்டையில் கட்டி வைப்பவர்கள் கவனிக்க: அதன் சதை இனிப்பு, கடல் காற்றில் சீக்கிரம் பிசுபிசுக்கும். ஒடித்தால் சத்தத்தோடு ஒடிகிற காயை மட்டும் மூட்டை கட்டுங்கள்.

நாட்டுக்கோழிக்கு மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்து கொடுக்கிறோம். கோழி மெலிகிறது, முட்டை குறைகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் ஓரளவு துப்புக் கிடைக்கும். ஈரல் வெளிறி மஞ்சளாக, விரலால் அமுக்கினால் பொடிந்துபோனால் அஃப்ளாடாக்சின் பக்கம் சந்தேகம். சிறுநீரகம் வீங்கி வெளிறி, இதயத்தின் மேலுறையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் தூள் இருந்தால் ஆக்ராடாக்சின். அலகின் உள்ளே, நாக்கின் ஓரத்தில் வெள்ளையோ மஞ்சளோ பொருக்கு இருந்தால் டி-2.

இங்கேதான் கடலோரத்துக்காரர்கள் ஏமாறுவது. உப்பு மிகுந்த கருவாட்டுத் தூளும் உவர் போர்த்தண்ணீரும் சேர்ந்தால் சிறுநீரகம் அதே மாதிரிதான் கெடும், எச்சமும் தண்ணீராகும். அதனால் நஞ்சு முறிவு மருந்து வாங்குவதற்குமுன் கருவாட்டுத் தூளை நிறுத்தி நல்ல தண்ணீர் வைத்து ஒரு வாரம் பாருங்கள். தேறினால் குற்றவாளி உப்பு.

மக்காச்சோளம் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்திலிருந்து காய்ந்துதான் வரும்; இங்கே வந்து ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் 15 நாளுக்கு மேல் தேவைப்படுகிற அளவு வாங்கிக் குவிக்காதீர்கள். அரைத்தபின் இன்னும் சீக்கிரம் கெடும், ஒரு வாரத்துக்கு மட்டும் அரையுங்கள்.

கம்பில் கறுப்பு விதை தெரிகிறது. என்ன அது?

தேனொழுகல் நோய். பூக்கும்போது கதிரில் பிசுபிசுவென்று இளஞ்சிவப்புத் தேன்போல் ஒழுகும். பின்பு மணி இருக்கவேண்டிய இடத்தில் கம்பைவிட நீளமான, கறுத்த, கெட்டியான முடிச்சு உட்காரும். அதில் எர்காட் வகை நஞ்சு. இந்தக் கம்பு தீவனத்தில் கலந்தால் பால் வற்றும். மனிதர் தின்றால் வாந்தி, தலைசுற்றல், தூக்கம்.

10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டிக் கலக்கினால் முடிச்சுகள் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கிய கம்பை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி அன்றே காயவையுங்கள். விதைக்கும் இதே முறைதான். அள்ளியதைக் கோழி பொறுக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

நஞ்சு முறிவுப் பொடி போட்டால் எந்தத் தீவனமும் சரியாகிவிடுமா?

ஆகாது. பெண்டோனைட் போன்ற களிமண் வகை, குடலில் அஃப்ளாடாக்சினைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். டன்னுக்கு 5 கிலோ வரை, அதாவது 10 கிலோ தீவனத்துக்கு 50 கிராம். டி-2, ஆக்ராடாக்சின் ஆகியவற்றிடம் களிமண் தோற்றுப்போகும். ஈஸ்ட் செல்சுவர் கலந்த பொருள்களுக்குப் பை மேல் போட்ட அளவைப் பின்பற்றுங்கள். அதிகம் போட்டால் சத்தையும் சில மருந்தையும் சேர்த்துக் கட்டிப்போடும். புரோபியோனிக் அமில உப்பு விற்பார்கள். அது புதுப் பூஞ்சணம் வளராமல் தடுக்கும், இருக்கிற நஞ்சைத் தொடாது.

வேப்பிலை, நொச்சி போட்டால் வண்டு குறையும். வண்டு குறைந்தால் ஈரமும் குறையும், அவ்வளவுதான் அதன் பங்கு.

பரிசோதனைக்கு எப்படி அனுப்புவது?

நஞ்சு மூட்டை பூராவும் சமமாக இருக்காது. ஆயிரம் கடலையில் ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். ஒரு மூட்டையின் மேல்வாயில் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் முடிவு பொய்யாகும். குத்தூசியால் பத்து மூட்டையில், ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று எடுங்கள். துணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். மறுபடி கலந்து மறுபடி பிரியுங்கள், அரைக் கிலோ வரும்வரை. காகிதப் பையில் அல்லது துணிப்பையில் போடுங்கள். பாலித்தீனில் போட்டால் வழியிலேயே வேர்த்துப் பூஞ்சணம் வளரும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. எப்படி அனுப்புவது, கட்டணம் என்ன என்பதை இராமநாதபுரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கெட்ட தீவனத்தை மாடு தின்றுவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடம்பில் ஏறிவிட்ட நஞ்சுக்கு முறிவு மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. அந்தத் தீவனத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள், ஆனால் தூக்கி எறியாமல் ஒரு கிலோ எடுத்து வையுங்கள், மருத்துவர் கேட்பார். நல்ல பசுந்தீவனமும் தண்ணீரும் கொடுங்கள். ஈரல் மருந்து, வைட்டமின் இ, செலினியம் ஆகியவற்றை மருத்துவர் அளவு சொல்லித்தான் கொடுக்கவேண்டும். செலினியம் அளவு மிஞ்சினால் அதுவே விஷம். கன்று முக்கிக்கொண்டே கழிந்து ஆசனவாய் பிதுங்கினால், மாடு தீனி விட்டுத் தள்ளாடினால், 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; கால்நடை அவசர ஊர்தி வரும்.

கெட்டுப்போன தீவனத்தை இறால் பண்ணைக்கோ வாத்துக்கோ தள்ளிவிடலாமா?

வாத்துதான் முதலில் சாகும் என்று மேலே சொன்னோம். இறாலுக்கும் ஈரல் போன்ற உறுப்பு உண்டு, அது கெட்டு வளர்ச்சி நிற்கும். நல்ல தீவனத்தோடு கலந்து ‘நீர்த்துப்போக’ வைப்பதும் வேண்டாம். அப்படிச் செய்தால் கெட்ட ஒரு மூட்டைக்குப் பதில் பத்து மூட்டை கெடும். குழியில் கொட்டிச் சாணமும் மண்ணும் போட்டு மூடி மக்கவிடுங்கள். கொட்டிய சாக்கை வேறு தீவனத்துக்கு எடுக்காதீர்கள். கொட்டில் மூலையில் சிந்திக்கிடக்கும் பழைய தவிட்டையும் அதோடு பெருக்கிப் போடுங்கள்.